சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? – அரசின் அதிகாரத்துக்கு எல்லை வகுக்கும் 21ஆம் பிரிவு

வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைப் போலீஸ் அழைத்துச் சென்றுவிட்டால் அந்தக் குடும்பம் தூங்காது. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஜுமுஆ முடிந்து வெளியே வரும்போது, "இப்படிக் கூட்டிக்கொண்டு போக அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறதா ஹஜ்ரத்?" என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. அடுத்த வார்த்தையாக, "சட்டம்தான் இருக்கிறதே, நாம் என்ன செய்ய முடியும்?" என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள்.

சட்டம் என்று ஒன்று இருந்தால் மட்டும் போதுமா, அது நியாயமானதாகவும் இருக்க வேண்டுமா? நமது அரசியல் சாசனம் எழுதப்பட்ட காலத்திலேயே அறிஞர்கள் மோதிக்கொண்ட கேள்வி இது. அதன் முதல் பெரிய வழக்கு சென்னை மாகாணத்திலிருந்துதான் போனது.

அமெரிக்காவிலிருந்து வந்த எச்சரிக்கை

அமெரிக்க அரசியல் சாசனத்தின் 5ஆம் திருத்தம் (1791), 14ஆம் திருத்தம் (1868) இரண்டிலும் 'டியூ பிராசஸ்' என்ற சொல் இருக்கிறது. உரிய, நியாயமான சட்ட நெறி இல்லாமல் ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கக் கூடாது என்பது அதன் பொருள். அரசாங்கத்தைக் கட்டிப்போடும் சொல் இது.

ஆனால் இதே சொல்லை வைத்து அமெரிக்க நீதிபதிகள் தொழிலாளர் சட்டங்களையும் தகர்த்தார்கள். பேக்கரித் தொழிலாளர்களிடம் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டது. 1905இல் லாக்னர் வழக்கில் 5 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 பேர் மறுபக்கம் என்று பிரிந்து அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். துறைமுகத்திலும் எண்ணூர் ஆலைகளிலும் உழைக்கும் நம் மக்களுக்கு இதன் வலி சொல்லாமலே புரியும்.

1947 இறுதியில் நமது அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்று, அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். மக்கள் தேர்ந்தெடுத்த சபையின் சட்டத்தைச் சில நீதிபதிகள் வீழ்த்த இச்சொல் இடம் கொடுக்கும், இது ஜனநாயகத்துக்கு ஏற்றதல்ல, நீதிமன்றத்துக்கும் பெரும் சுமை என்பது அவருடைய கருத்து. ஜமீன்தாரி ஒழிப்புக்கு இது தடையாகுமே என்ற கவலை இங்கேயும் இருந்தது. 1948இல் வெளிவந்த வரைவில் 'டியூ பிராசஸ்' போய், 'சட்டம் வகுத்த நடைமுறை' என்ற சொற்கள் வந்தன.

சபையில் நடந்த வாதம்

1948 டிசம்பரில் இது விவாதத்துக்கு வந்தது. காஸி செய்யித் கரீமுத்தீன், சென்னையைச் சேர்ந்த மஹ்பூப் அலி பேக், கே.எம். முன்ஷி முதலியோர் புதிய சொற்களை ஏற்கவில்லை. 'சட்டம் வகுத்த நடைமுறை' என்றால், சட்டசபையில் பெரும்பான்மை உள்ளவர்கள் எந்த நடைமுறையை வகுத்தாலும் சரி என்றாகிவிடுமே என்பதே அவர்களுடைய அச்சம்.

மறுபக்கம் நின்றவரும் சென்னைக்காரர்தான். வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் அமெரிக்கத் தீர்ப்புகள் காலத்துக்குக் காலம் மாறியதைக் காட்டி, வரைவை ஆதரித்தார். டாக்டர் அம்பேத்கர், கட்சிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சட்டசபையை நம்புவதிலும் ஆபத்து, சில நீதிபதிகளை நம்புவதிலும் ஆபத்து என்று இரு பக்கத்தையும் எடுத்து வைத்து, முடிவைச் சபையிடமே விட்டார். திருத்தங்கள் தோற்றன. அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்ட 1949 செப்டம்பரில் அம்பேத்கர் கொண்டுவந்ததே இன்றைய 22ஆம் பிரிவு.

சென்னை மாகாணத்துச் சிறையிலிருந்து

அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்த ஒரே மாதத்தில், 1950 பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டம் வந்தது. குற்றம் செய்ததற்காக அல்ல, இனிமேல் செய்யலாம் என்ற கணிப்பில் ஒருவரைச் சிறையில் வைப்பதே தடுப்புக் காவல். சென்னை மாகாணச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அவருக்காக எம்.கே. நம்பியார் வாதாடினார்.

1950 மே 19 அன்று தீர்ப்பு வந்தது. காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திடமே வெளியிடக் கூடாது என்ற ஒரு பிரிவு மட்டும் ரத்தானது. மற்றபடி, சட்டசபை வகுத்த நடைமுறை இருந்தால் போதும் என்பதே பெரும்பான்மைக் கருத்து. கோபாலன் தோற்றார்.

நீதிபதி செய்யித் ஃபஸ்ல் அலி இதற்கு உடன்படவில்லை. என்ன குற்றச்சாட்டு என்று தெரிவிப்பதும், சம்பந்தப்பட்டவரின் பதிலைக் கேட்பதும், நடுநிலையானவர் முடிவு செய்வதும் இல்லாமல் அது நடைமுறையே ஆகாது என்று எழுதினார். ஃபிக்ஹு நூல்களில் ஒரு காலத்தார் ஏற்காத கருத்தும் பத்திரமாகப் பதிவாகியிருக்கும். பின்னால் வருபவர்கள் அதைத் தேடி எடுப்பார்கள். ஃபஸ்ல் அலியின் கருத்துக்கும் அதுவே நடந்தது. ஆனால் 28 ஆண்டுகள் ஆயின.

இடையில் கொடுத்த விலை

அதற்குள் 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை வந்தது. 1976 ஏப்ரலில் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில், நெருக்கடி நிலையில் காவலை எதிர்த்து நீதிமன்றம் வர முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். ஹெச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். மிசா சட்டத்தில் அடைக்கப்பட்டவர்கள் நமது சென்னை மத்திய சிறையிலேயே தாக்கப்பட்டார்கள். அந்தக் கொடுமையைப் பின்னர் விசாரித்தது நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம்.

1978 ஜனவரி 25 அன்று மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில் நிலை மாறியது. நடைமுறை என்று ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் தகுந்ததாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1948இல் வாக்கெடுப்பில் தோற்ற கருத்து, தீர்ப்பின் வழியாகத் திரும்பி வந்தது. அதே ஆண்டு 44ஆம் திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21ஆம் பிரிவுகளை நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கியது.

ஃபிராங்க்ஃபர்ட்டரின் கவலை இதனால் பொய்யாகிவிடவில்லை. மக்கள் தேர்ந்தெடுக்காத நீதிபதிகளுக்கு இவ்வளவு அதிகாரமா என்று இன்றும் அறிஞர்கள் கேட்கிறார்கள். நீதிபதிகளும் தவறுவார்கள் என்பதற்கு 1976 தீர்ப்பே சான்று. ஆனால் எல்லை என்ற ஒன்றே இல்லாவிட்டால் முதலில் நசுங்குவது எளியவர்கள்தான்.

இன்று நம் பகுதிக்கு இதனால் என்ன?

21ஆம் பிரிவின் 'உயிர்' என்ற சொல்லுக்குள் பிழைப்புக்கான உரிமையும் (1985, ஓல்கா டெல்லிஸ் வழக்கு), மாசற்ற நீரும் காற்றும் (1991, சுபாஷ் குமார் வழக்கு) சேர்ந்துவிட்டன. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலப்பதை எதிர்க்கும் எண்ணூர் மீனவருக்கும் இதுவே அடிப்படை. யு.ஏ.பி.ஏ. வழக்கில்கூட, விசாரணை அளவுக்கு மீறி நீண்டால் ஜாமீன் தரலாம் என்று 2021இல் கே.ஏ. நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சட்டத்தில் கைதானவருக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டியவை:

1. சாதாரணக் கைது என்றால், காரணத்தைச் சொல்ல வேண்டும்; வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும்; பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் (22ஆம் பிரிவு).

2. தடுப்புக் காவலுக்கு இந்த 24 மணி நேர விதி பொருந்தாது. நாம் குண்டர் சட்டம் என்று சொல்லும் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டத்தில் 12 மாதம் வரை வைக்கலாம். ஆனால் காரணங்களை அவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். அதை எதிர்த்து மனுக் கொடுக்க வாய்ப்புத் தர வேண்டும். அறிவுரைக் கழகத்தின் முன் விஷயத்தை வைக்க வேண்டும்.

3. அந்த மனுவைத் தாமதிக்காமல் கொடுங்கள். காரணமில்லாமல் மனுவைக் கிடப்பில் போட்டதற்காகவும், புரியாத மொழியில் ஆவணம் தந்ததற்காகவும் உயர் நீதிமன்றம் பல காவல் உத்தரவுகளை ரத்து செய்திருக்கிறது. மனுவே கொடுக்காதவர், மனுவைக் கிடப்பில் போட்டார்கள் என்ற காரணத்தைக் காட்ட முடியாது.

4. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. இராயபுரத்திலிருந்து அது தூரமில்லை.

"சட்டம்தான் இருக்கிறதே" என்பது 1950இல் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்ன பதில். அது மாறி நீண்ட காலமாகிவிட்டது. அது மாறியது நம் வீடுகளுக்கும் தெரிய வேண்டும். கைதான தேதியையும் நேரத்தையும் குறித்து வைப்பது, தரப்படும் ஒவ்வொரு தாளையும் பத்திரப்படுத்துவது, அன்றைக்கே ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது – இந்த மூன்றையும் இன்றே வீட்டில் பெண்களுக்கும் சொல்லி வையுங்கள். இரவில் கதவு தட்டப்படும்போது பெரும்பாலும் திறப்பவர்கள் அவர்கள்தான்.