பாவு ஏறிய பிறகு அகலம் மாறாது: ஐ.என்.எஸ். மைசூரின் முன்கதை

கண்டிப்பான அப்பாவையோ வாத்தியாரையோ 'சரியான எம்டன்' என்று சொல்வோம் இல்லையா? 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் கப்பலின் பெயர் அது. அது ஒரு க்ரூசர். அதாவது, பெரிய போர்க்கப்பல் அளவுக்குக் கவசம் கிடையாது. ஆனா வேகம் அதிகம், ரொம்ப தூரம் போகும். இன்றைக்கு நாம பேசப்போவது, நம்ம கடற்படைக்கே வந்துசேர்ந்த ஒரு க்ரூசரைப் பற்றி: ஐ.என்.எஸ். மைசூர்.

கதை ஒரு காகிதத்தில் தொடங்குகிறது. 1936 லண்டன் ஒப்பந்தப்படி, புதிதாகக் கட்டும் க்ரூசர் எதுவும் 8000 டன்னைத் தாண்டக் கூடாது. பிரிட்டன் அதற்குச் சற்று முன் வடிவமைத்த 'டவுன்' வகைக் கப்பல்கள் 9000 டன்னுக்கு மேல். ஒவ்வொன்றிலும் 12 பெரிய பீரங்கிகள். இப்போ எடையைக் குறைக்கணும், பீரங்கி மட்டும் குறையக் கூடாது. என்ன செய்தார்கள்? 591 அடி நீளத்தை 555 அடியாகச் சுருக்கினார்கள். பக்கவாட்டுக் கவசத்தை மெலிதாக்கினார்கள். பின்பக்கத்தைச் சதுரமாக வெட்டியது போல அமைத்தார்கள். 12 பீரங்கியும் ஏறிவிட்டது. ஆனா மிச்ச இடம்னு எதுவும் இல்லை.

நான் தாமல்காரன். எங்க காஞ்சிபுரம் பக்கம் தறி இருக்கிற வீட்டில் சின்னப் பசங்களுக்கும் ஒரு விஷயம் தெரியும்: பாவு ஏறிவிட்டால் சேலையின் அகலம் மாறாது. புட்டாவை மாற்றலாம், ஜரிகையைக் கூட்டலாம், அகலம் அதேதான்.

கப்பலுக்கும் அதுதான் நடந்தது. 1939 செப்டம்பரில் போர் வந்ததும் ஒப்பந்தம் செல்லாக்காசு. ஆனா அதை நம்பி அளவெடுத்த கப்பல்களைக் கட்டும் வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. மொத்தம் 11. எல்லாவற்றுக்கும் காலனிகளின் பெயர். அதில் பிஜி, மொரிஷியஸ், டிரினிடாட், சிலோன்: நம்ம மக்கள் கூலிகளாகக் கப்பலேறிப் போன இடங்கள்.

போரில் ஆபத்து வானத்திலிருந்து வந்தது. 1941 மே 22 அன்று, கிரீட் தீவுக்கு அருகே விமானங்களைச் சுட்டுச் சுட்டு 'பிஜி'யின் குண்டுகள் ஏறக்குறைய தீர்ந்துபோயின, அன்றே மூழ்கியது. ஆகவே மற்ற கப்பல்களுக்கு விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள், ரேடார், அவற்றை இயக்க இன்னும் ஆட்கள். இவ்வளவும் மேல்தளத்தில் ஏறினால் கப்பல் தள்ளாடும். எதையாவது இறக்கியாகணும். கடைசியாக முடிந்த மூன்று கப்பல்களை 9 பீரங்கிகளோடுதான் கட்டினார்கள். பழைய கப்பல்கள் பலவற்றில் ஒரு பீரங்கி மேடையையே கழற்றினார்கள். எதற்காக அவ்வளவு நெருக்கிக் கட்டினார்களோ, அதையே கடைசியில் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

நம்ம கப்பலின் அப்போதைய பெயர் 'நைஜீரியா'. 1938இல் டைன் ஆற்றங்கரையில் அடித்தளம் போட்டார்கள். 1940 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்தது. 1942 ஆகஸ்ட் 12, மால்டாவுக்குப் போன சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்றபோது இத்தாலிய நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கியது. 52 பேர் இறந்தார்கள். கப்பல் மூழ்கவில்லை, ஜிப்ரால்டருக்குத் திரும்பி, பிறகு அமெரிக்காவில் பழுது பார்க்கப்பட்டது.

1954இல் அதை இந்தியா வாங்கியது. பெரிய மராமத்துக்குப் பிறகு 1957 ஆகஸ்டில் 'மைசூர்' ஆனது. 1971 போரில் மேற்குக் கடற்படைப் பிரிவின் தலைமைக் கப்பல். 1985இல் ஓய்வு.

28 வருஷம் நம்ம மாலுமிகள் படுத்துத் தூங்கிய, நடந்துபோன ஒவ்வோர் இடத்தின் அளவையும், லண்டனில் யாரோ கையெழுத்திட்ட அந்த 8000 டன்தான் முடிவுசெய்திருந்தது. விலைக்கு வாங்கும்போது கப்பல் மட்டும் வருவதில்லை. அடுத்தவர் எடுத்த முடிவும் கூடவே வருகிறது. 1999இல் கடற்படையில் சேர்ந்த அடுத்த 'மைசூர்' கட்டப்பட்டது மும்பை மசகான் டாக்கில்.