ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம்!

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இலங்கையின் காலிக்கு அருகே உள்ள கொக்கல ஏரி வரை சுமார் 5,650 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானம் இந்தத் தூரத்தை ஏழெட்டு மணி நேரத்தில் கடந்துவிடும். 1943-ல் இதே தூரத்துக்கு 27 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அதுவும் எங்கும் இறங்காமல்!

ஏன் இந்த விபரீதப் பயணம்? 1935 முதல் ஆஸ்திரேலியாவையும் லண்டனையும் இணைத்த விமானப் பாதை சிங்கப்பூர் வழியாகத்தான் சென்றது. பிரிஸ்பேனில் ஏறியவர் லண்டன் சேரப் பன்னிரண்டரை நாட்கள் ஆகும். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. பாதை அறுந்தது. மீதமிருந்த ஒரு வழி, இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் தாண்டுவது.

1943-ல் குவாண்டாஸ் நிறுவனம் அதைத் தொடங்கியது. ஐந்து கேட்டலினா கடல் விமானங்கள். வேகம் மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர்தான். பெர்த்தில் ஸ்வான் நதியிலிருந்து கிளம்பி கொக்கல ஏரியில் இறங்கும். அங்கிருந்து கராச்சி வழியாக லண்டனுக்குத் தொடர்பு.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. தூரம் கூடினால் எரிபொருள் கூடும்; எரிபொருள் கூடினால் சுமை குறைய வேண்டும். எனவே அவசியமற்ற சாமான்கள் எல்லாம் கழற்றப்பட்டன. மிஞ்சிய இடம் மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மட்டுமே! வியாபாரமாகப் பார்த்தால் சுத்த நஷ்டம். ஆனால் போர்க்காலத்தில் அவசரக் கடிதங்களும் முக்கிய அதிகாரிகளும் போய்ச் சேர்வதற்கு விலை போட முடியாது.

எதிரி விமானங்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதால் வானொலியில் பேசக் கூடாது. நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள். பயணம் 24 மணி நேரத்தைத் தாண்டுவதால் பயணிகள் வானிலேயே இரண்டு முறை சூரிய உதயத்தைப் பார்த்தார்கள். அதற்கு ஒரு சான்றிதழும் கொடுக்கப்பட்டது! ஒரு பயணம் 32 மணி 9 நிமிடம் நீடித்தது.

1945 ஜூலை வரை 271 முறை கடலைக் கடந்தார்கள். ஒரு விமானம்கூட வழியில் தொலையவில்லை. ஆனால் அவற்றின் முடிவு சோகமானது. அமெரிக்கா கடனாகத் தந்த விமானங்கள் என்பதால், போர் முடிந்ததும் ஒப்பந்தப்படி கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

2018 மார்ச்சில் அதே பெர்த்திலிருந்து அதே குவாண்டாஸ், லண்டனுக்கே நேரடி விமானம் விட்டது. சுமார் 14,500 கிலோமீட்டர், ஏறத்தாழ 17 மணி நேரம், இருநூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள். நகரங்கள் நகரவில்லை, கடலும் சுருங்கவில்லை. மூன்று பேரைக் கரை சேர்க்க அன்று ஒரு விமானம் முழுவதும் எரிபொருளைச் சுமந்தது. தூரம் என்பது கிலோமீட்டர் மட்டும் அல்ல. அதைக் கடக்க எதையெல்லாம் இறக்கி வைக்க வேண்டியிருந்தது என்பதும்தான்.