நந்திக்கடலில் வள்ளமோட்டம்

வட இலங்கையின் முல்லைத்தீவுக் கரையை ஒட்டி, கடலுக்குச் சமாந்தரமாக நீண்டு கிடக்கும் ஆழங்குறைந்த களப்பு நந்திக்கடல். அதன் மேற்குக் கரையில் கேப்பாப்பிலவும் வற்றாப்பளையும் உள்ளன. அங்கிருந்து சற்று உள்ளே முள்ளியவளையும் தண்ணீரூற்றும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. கிழக்கே முள்ளிவாய்க்காலின் மணல்நிலம் களப்பையும் வங்கக் கடலையும் பிரிக்கிறது. தென்முனையான வட்டுவாகலில்தான் இரண்டு நீரும் கலக்கும். உள்நாட்டிலிருந்து பேராறு நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

இக்களப்பில் வள்ளம் விடுவதற்கு ஆழ்கடல் அனுபவம் மட்டும் போதாது. ஆழம் குறைந்த நீரில் காற்று எழுப்பும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுக்கடுக்காகவும் வரும். தாழ்ந்த விளிம்புள்ள வள்ளத்துக்குள் தண்ணீர் ஏற அது போதும். காற்று ஒரே திசையில் நின்று வீசினால் நீர் எதிர்க்கரைக்கு ஒதுங்கிவிடும். காலையில் வள்ளம் மிதந்த இடம் மாலையில் சேறாகக் கிடப்பதும் உண்டு. ஆகவே காற்றெழும் பக்கத்துக் கரையை அணைத்துப் போவதே பாதுகாப்பு. அங்கு அலை வளர இடமில்லை.

ஆண்டின் போக்கை இரண்டு காற்றுகள் பிரிக்கின்றன. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகம் தரையிலிருந்து கடல் நோக்கிப் போவதால் முல்லைத்தீவுக் கடல் அடங்கியிருக்கும். இலங்கையின் மேற்குக் கரை கொந்தளிக்கும் அந்த மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர்கள் நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் வந்து வாடி அமைத்தது இதனால்தான். இதே சோளகக் காலத்தில், 1803 ஓகஸ்டில், வன்னியின் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த பிரித்தானியப் படையினர் படகேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தனர். மார்கழியில் அப்படிப் போயிருக்க முடியுமா என்பது ஐயமே.

மற்றக் காற்றான வாடை தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகும். கடல் கரையை அடிக்க, கடற்றொழிலாளர் களப்பை நாடுவர். மழைவெள்ளம் களப்பை நிரப்பி வட்டுவாகல் முகத்துவாரத்து மணல்மேட்டை உடைக்கும். உடையாத ஆண்டுகளில் மனிதர்களே வெட்டிவிடுவர். கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் அவ்வழியே உள்ளே வந்து வளர்கின்றன. நந்திக்கடலின் பெயர்பெற்ற இறால் அந்தத் திறப்பின் கொடைதான். முகத்துவாரம் திறந்த நாட்களில் அதை நெருங்கும் வள்ளத்துக்கு ஆபத்தும் அதிகம். வெளியேறும் வெள்ளமும் உள்ளே தள்ளும் கடலலையும் மோதும் இடம் அது. இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகையால் முகத்துவாரத்தில் நீரோட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மழையும் காற்றுமே.

பழைய வள்ளங்கள் ஒற்றை மரத்தில் குடையப்பட்டவை. வட இலங்கைக்கு அவற்றின் மரஉடல்கள் மலையாளக் கரையிலிருந்து வந்தன. ஆழமில்லாத நீரில் கோல் ஊன்றித் தள்ளவும், காற்று வாய்த்தால் சிறு பாய் விரிக்கவும் அவை ஏற்றவை. பிற்காலத்தில் வந்த கண்ணாடியிழைப் படகும் இயந்திரமும் கடலில் தொழிலையே மாற்றின. களப்பிலோ இயந்திரத்தின் சுழலி சேற்றில் புதையும், வலையை அறுக்கும். கோல் இங்கே எளிதில் வழக்கொழியாததற்கு இதுவே காரணம்.

இந்த நீர்ப்பரப்பின் ஓரத்தில்தான் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறது. வைகாசிப் பொங்கலுக்கு முன்பாகச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பது வழக்கம். பொங்கல் வரும் காலம் கடல் அடங்கிச் சோளகம் தொடங்கும் காலம்.

உள்நாட்டுப் போர் இந்த வள்ளமோட்டத்தை அறுத்தது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எஞ்சியிருந்த மக்கள் வட்டுவாகல் வழியாகவும் களப்பு நீருக்குள் இறங்கியும் வெளியேறினர். பலர் அந்நீரிலேயே உயிரிழந்தனர். வள்ளங்களும் வலைகளும் அழிந்தன. மீள்குடியேறியவர்கள் தொழிலை வெறுங்கையோடு தொடங்கினர். 2017 இல் களப்பு இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. பறவைகளுக்கு நல்லதாகிய அந்த அறிவிப்பு, தலைமுறைகளாக அங்கே வலைவீசியவர்களுக்குத் தங்கள் உரிமை பற்றிய அச்சத்தைக் கொடுத்தது. அந்த அச்சம் நியாயமானது.

களப்பு இன்று தூர்ந்துகொண்டு வருகிறது. ஆழம் குறையக் குறைய வள்ளம் போகும் தடங்கள் சுருங்குகின்றன. நீர் விரைவில் சூடேறி உவர்ப்புக் கூடுகிறது. தூர்வார வேண்டும் என்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. அது ஒருபுறமிருக்க, களப்பின் முகத்துவாரத்தைக் கடக்கும், பெருமழையில் மூழ்கும் வட்டுவாகல் பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலத்தின் கட்டுமானம் 2025 செப்டெம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது.