கடுமையான வைரஸ் தொற்றுக்குப் பின் நீடிக்கும் மூச்சுத்திணறல்: கொடைக்கானல் மலைப்பகுதி மக்களுக்கான விளக்கம்

கோவிட்-19, இன்ஃபுளுயன்சா போன்ற தொற்றுகள் கடுமையாகி, ஆக்சிஜன் சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்கு, தொற்று நீங்கிய பின்னும் நுரையீரல் பாதிப்பு நீடிக்கிறது. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளுக்கும் இரத்த நாளங்களுக்கும் இடையே உள்ள மெல்லிய சுவர் அழற்சியால் தடித்து, சிலருக்குத் தழும்பாக மாறிவிடுகிறது. காற்று உள்ளே சென்றாலும் அதிலுள்ள ஆக்சிஜன் இரத்தத்தில் சேர்வது குறைகிறது. கோவிட் வந்து குணமடைந்த 207 பேரை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 44 விழுக்காட்டினரிடம் இக்குறைபாடு காணப்பட்டது.

மலைக்காற்று நுரையீரலைக் குணப்படுத்தும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. காற்று தூய்மையானது என்பது உண்மையே. ஆனால் அடர்த்தி குறைந்தது. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோர ஊர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாகக் குறைவு. எனவே, சமவெளியில் வெளித்தெரியாத பாதிப்பு இங்கு வெளிப்படலாம். ஓய்வுக்காகக் கொடைக்கானல் வர எண்ணுவோர் முதலில் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

இதே காரணத்தால், பல்ஸ் ஆக்சிமீட்டரில் 94 அல்லது 95 காட்டுவது இங்கு நலமாக உள்ளவர்களிடமும் இயல்பே. ஓய்வில் காணும் எண்ணைவிட நடந்தபின் காணும் எண்ணே அதிகம் உணர்த்தும். மருத்துவர் அனுமதித்தால், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, ஏற்றத்தில் அன்றிச் சமதளத்தில் ஆறு நிமிடம் நடந்து, முன்னும் பின்னும் அளந்து குறித்து வையுங்கள். நான்கு புள்ளிகள் அல்லது அதற்கு மேல் குறைந்தால் அக்குறிப்புடன் மருத்துவரைச் சந்தியுங்கள். தலைசுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

தொற்று தொடங்கி மூன்று மாதங்களுக்குப் பின்னும் இருமலோ மூச்சிரைப்போ நீடித்தால், “வயதாகிவிட்டது, ஏற்றம் அதிகம்” என்று விட்டுவிட வேண்டாம். பூம்பாறை, மன்னவனூர் போன்ற சிற்றூர்களில் சரிவான தோட்டங்களில் உழைப்போர் இவ்வாறு தள்ளிப்போட வாய்ப்பு மிகுதி. எக்ஸ்ரேயுடன் சளிப் பரிசோதனையும் அவசியம். காசநோயும் இதே அறிகுறிகளைத் தரும். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன், நுரையீரல் செயல்திறன் பரிசோதனை ஆகியவற்றுக்காகத் திண்டுக்கல் அல்லது தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்படுவீர்கள். ஊதிப் பார்க்கும் சோதனை மட்டும் இயல்பாக இருப்பது போதாது. ஆக்சிஜன் இரத்தத்தில் சேரும் திறனையும் அளக்க வேண்டியிருக்கலாம்.

பலருக்கு இப்பாதிப்பு மாதக்கணக்கில் மெல்லக் குறைகிறது. முழு ஓய்வு தசைகளைத் தளர்த்தி மூச்சிரைப்பைக் கூட்டும். இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் மூச்சுப் பயிற்சியும் படிப்படியான நடையும் பயன் தரும். வீட்டிலிருந்து வர இயலாதவர்கள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளரிடம் இயன்முறைச் சிகிச்சை குறித்துக் கேட்கலாம். பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக வாங்கி உண்ண வேண்டாம். சர்க்கரை ஏறும், மறைந்திருக்கும் காசநோய் கிளர்ந்தெழும்.

குளிருக்காக மூடிய அறையில் கரி மூட்டுவது மிக ஆபத்தானது. கரிப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போதும் ஆக்சிமீட்டர் நல்ல எண்ணையே காட்டும். விறகடுப்புப் புகை, புகையிலை இரண்டையும் தவிர்த்திடுக. ஆக்சிஜன் கருவி உள்ள அறையில் நெருப்பு கூடாது.

ஓய்விலேயே அளவு 90-க்குக் கீழ் இறங்குதல், திடீர் நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், இருமலில் இரத்தம், உதடு நீலமாதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள். மலைப்பாதையில் பயண நேரம் கூடும் என்பதால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.