மேக்ஃபைலின் பூர்வ கதை

1976-ஆம் வருஷத்தில், அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில், ஸ்டீவ் ஜான்சன் என்ற விற்பன்னர், தாம் முன்னமே திருத்திவிட்ட பிழையையே மறுபடி மறுபடி தேடி ஒரு காலைப்பொழுது முழுவதையும் இழந்தபின், திருத்திய கோப்பைக் கம்பைல் செய்யாமலே விட்டிருந்ததைக் கண்டு, தம் சகாவான ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்கு மனம் நொந்து வந்து சேர்ந்தார். முதல் நாள் மாலை தாமும் அதே சங்கடத்தில் அகப்பட்டிருந்த ஃபெல்ட்மன் அந்த வார இறுதியில் எழுதிய கருவிதான் ‘மேக்’. ஒரே திட்டத்திலிருந்து பல ப்ரோகிராம்களைக் கிரமமாக உண்டாக்கும் கலைக்கு அதுவே அஸ்திவாரம் என்பது என் அபிப்பிராயம்.

அதற்கு முன்பெல்லாம், சகலத்தையும் ஆதியிலிருந்து கம்பைல் செய்யும் ஷெல் ஸ்கிரிப்டையோ, எதை மாற்றினோம் என்ற சொந்த ஞாபகத்தையோதான் நம்ப வேண்டும். மேக் படிக்கும் ‘மேக்ஃபைல்’ என்ற கோப்பிலோ, விளைபொருளின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, அதற்கு ஆதாரமான கோப்புகள், அடுத்த வரியில் டேப் விட்டுக் கட்டளை என்று எழுதி வைத்தால் போதும். ஆதாரக் கோப்பு விளைபொருளைவிடப் பிந்தியதாக இருந்தால்தான் கட்டளை ஓடும். பெயர் எதுவும் சொல்லாமல் அழைத்தால் மேக் முதல் விதியையே நிறைவேற்றும் என்பதால், ‘ஆல்’ என்னும் விதியைத் தலைப்பில் நிறுத்தி, எல்லா ப்ரோகிராம்களின் பெயரையும் அதன் ஆதாரங்களாக வரிசையாக எழுதுவது சம்பிரதாயமாயிற்று. கட்டளைக்கு முன் டேப்பே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையால் விளைந்த தொல்லையை நீக்க ஃபெல்ட்மன் எண்ணியபோது, ஏறக்குறைய ஒரு டஜன் பேர் அந்த முறையில் பழகிவிட்டிருந்தார்கள். அவர்களைச் சிரமப்படுத்த மனம் வராமல் அப்படியே விட்டுவிட்டார்.

திட்டங்கள் விஸ்தாரமானபோது, டைரக்டரிக்கு ஒரு மேக்ஃபைல் வைத்து, மேலே உள்ளது கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாக அழைக்கும் வழக்கம் பரவிற்று. பார்வைக்கு ஒழுங்காகத் தோன்றிய இந்த ஏற்பாட்டின் தோஷத்தை, பீட்டர் மில்லர் என்ற ஆஸ்திரேலியர் 1998-இல் வெளியான கட்டுரையில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்தார். சர்வர், கிளையன்ட் என்ற இரு ப்ரோகிராம்களும் பொது டைரக்டரியில் உண்டாக்கப்படும் ஒரு ஹெடர் கோப்பைச் சார்ந்திருப்பதாகக் கொள்வோம்: சர்வரின் மேக்ஃபைலுக்கு அந்த ஹெடர் எதிலிருந்து பிறக்கிறது என்பதே தெரியாததால், அங்கே கிடக்கும் பழைய பிரதியை நம்பிக் காரியத்தை முடித்துவிடும். இதைச் சமாளிக்க, அழைக்கும் வரிசையை மனிதர்களே கையால் சரிசெய்தார்கள். அதுவும் பலிக்காதபோது முழுத் திட்டத்தையும் இரண்டு தடவை ஓடவிட்டார்கள். குற்றம் மேக்கின்மீது அல்ல, அதற்குப் பாதி விவரத்தையே காட்டியவர்கள்மீது என்றார் மில்லர். டைரக்டரி தோறும் ஒரு சிறு துண்டுக்கோப்பு இருக்கட்டும், அவை யாவற்றையும் ஒரே மேக்ஃபைல் உள்ளே இழுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் கண்ட பரிகாரம். அவருடைய வாதத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். சார்புகளைப் பங்கு பிரித்து வைத்த திட்டத்தில், கம்பைல் ஆனது என்ற செய்தியை நம்பிப் படுக்கப்போக இயலாது.

இதற்கிடையே, வெவ்வேறு யூனிக்ஸ் வகைகளின் பேதங்களைச் சமாளிக்க 1991-இல் ஆட்டோகான்ஃப் என்ற கருவி தோன்றியது. 2000-இல் சீமேக் என்ற மற்றொரு கருவி வந்தது. சீமேக்கில் ஹெடர் பாதைகளையும் கம்பைலர் குறிகளையும் வெகுகாலம் டைரக்டரி முழுவதற்கும் பொதுவாகவே விதித்து வந்தார்கள். ஆகையால் ஒரு ப்ரோகிராமுக்காக இட்ட குறி அதே இடத்தில் வசித்த மற்றொன்றிலும் போய் ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் அவற்றை அந்தந்த ப்ரோகிராமின் பேரிலேயே எழுதும் முறை வேரூன்றிய பிறகு, ஒரு லைப்ரரி தனக்கு வேண்டிய ஹெடர் பாதையைத் தானே அறிவிக்க, அதை இணைத்துக்கொள்ளும் ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் அது தானாகப் போய்ச் சேருகிறது.