தேயிலை மலையில் ஈளை நோய்

நெஞ்சில் தேங்கும் நோய்ப்பொருளைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. ஐ, கோழை, சளி என்பன அப்பொருளைச் சுட்டுவன. ஈளை என்னும் சொல் கோழையையும் அதனால் விளையும் மூச்சு நோயையும் ஒருங்கே குறிக்கும். இரைப்பு, இளைப்பு, இழுப்பு என்பன நோயாளி படும் பாட்டைச் சொல்வன. யாழ்ப்பாணத்தார் இந்நோயைத் தொய்வு என்பர். பொருளுக்கும் நோய்க்கும் ஒரே சொல் அமைந்தமை எண்ணத்தக்கது. தேங்கிய கோழை வெளிப்பட்டாலன்றி நோயாளிக்கு ஆறுதல் இல்லை என்னும் பட்டறிவு அச்சொல்லில் பொதிந்திருப்பதாகக் கருத இடமுண்டு.

அக்கோழையை வெளியேற்றும் முறைகள் மேல்நாட்டு மருத்துவத்தில் வளர்ந்த வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது. அவ்வரலாறு கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர்க்கு எவ்வாறு பொருந்துகின்றது என்பது ஆராய்தற்குரியது.

மலையும் மக்களும்

மலேசியாவின் பகாங் மாநிலத்தில் உள்ள இம்மலைப்பகுதி, 1885ஆம் ஆண்டில் அதனை அளந்தறிந்த வில்லியம் கேமரனின் பெயரால் வழங்குகின்றது. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பார், இலங்கையில் தேயிலைத் தொழிலில் தேர்ந்த ஏ. பி. மில்ன் என்பாருடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933ஆம் ஆண்டில் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. காடழித்து, சரிவுகளில் செடி நட்டு, கொழுந்து கொய்து, தொழிற்சாலையில் தூளாக்கிய உழைப்பில் பெரும்பங்கு தமிழருடையது. உதவி பெற்று மலாயாவுக்குச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938ஆம் ஆண்டில் தடை செய்தது. அதற்கு முன்பே வந்து ஊன்றிய குடும்பங்கள் மலையிலேயே வேர்கொண்டன. பிற்காலத்தில் அவர்தம் மக்கள் பலர் நகரங்களுக்குச் சென்றுவிட, இன்று கொழுந்தெடுக்கும் வேலையில் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோரும் மிகுதியாக உள்ளனர்.

தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். குளிருக்கு அஞ்சிக் கதவடைத்த லயத்து வீட்டில் விறகடுப்பு எரியுமாயின், அதன் புகை அவ்வீட்டாரின் நெஞ்சிலேயே தங்கும். அடுப்பின் முன் நாள்தோறும் நிற்கும் பெண்டிர்க்கே இதனால் வரும் கேடு பெரிது. வெட்டவெளியில் கொழுந்தெடுப்போர்க்கு இல்லாத மற்றொரு கேடு தொழிற்சாலையில் வேலை செய்வோர்க்கு உண்டு. வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்திய இலையைச் சலித்துத் தரம் பிரிக்கும்போதும் பெட்டியில் அடைக்கும்போதும், இலையின் மெல்லிய மயிர்த்துகள்களும் தூசும் காற்றில் பறக்கும். புகையிலையும் காசநோயும் இவற்றோடு சேர்ந்தால் நுரையீரல் மெல்ல மெல்லப் பழுதுறும்.

இலங்கையில் கண்ட இருமல்

கேமரன் மலைக்குத் தேயிலைத் தொழிலின் அறிவு இலங்கையிலிருந்து வந்தது போலவே, அத்தொழிலால் வரும் நோய் பற்றிய அறிவும் முதலில் இலங்கையிலேயே உருவாயிற்று. கொழும்பில் பணியாற்றிய கஸ்தெல்லானி, சால்மர்ஸ் என்னும் மருத்துவர் இருவர் தாம் இயற்றிய வெப்பநாட்டு மருத்துவ நூலின் 1919ஆம் ஆண்டுப் பதிப்பில், தேயிலைத் தொழிற்சாலை இருமல், தேயிலை சுவைப்போர் இருமல் என இருவகை இருமலைக் குறித்தனர். தேயிலைத் தூசில் வாழும் பூஞ்சையே காரணம் என அவர்கள் கருதினர். பின்னர் இலங்கையின் நெஞ்சுநோய் மருத்துவர் சி. ஜி. உரகொட, தேயிலைத் தூசினால் வரும் ஆஸ்துமாவை 1970ஆம் ஆண்டில் விளக்கினார். தேயிலை கலக்கும் தொழிலாளரிடையே நாள்பட்ட மார்ச்சளியும் ஆஸ்துமாவும் மிகுந்திருப்பதை 1980ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்.

போ தோட்டம் தொடங்குவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இவ்விருமல் நூலேறிவிட்டது என்பது கருதத்தக்கது. கோழையை வெளியேற்றும் வழி அதற்கும் முன்பே நூலேறியிருந்தது.

கோழை தேங்கும் வகை

மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குப் புலனாகாத நுண்மயிர்கள் அடர்ந்துள்ளன. அவை இடைவிடாது அசைந்து, தூசு படிந்த கோழையைத் தொண்டையை நோக்கி ஏற்றுகின்றன. புகையும் தூசும் இம்மயிர்களைச் செயலிழக்கச் செய்யும்; கோழை சுரப்பதையோ மிகுவிக்கும். காசநோய் குழாய்ச்சுவரை அரித்துத் தழும்பாக்கினால், குழாய் விரிந்து பள்ளமாகிவிடும். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னக் 1819ஆம் ஆண்டில் இவ்விரிவு நோயை விளக்கினார். வயலின் பள்ளத்தில் வடியாது நிற்கும் நீர்போல் அங்கே கோழை தேங்கும்; தேங்கியதில் கிருமி பெருகும்; கிருமி குழாயை மேலும் அரிக்கும்.

காசநோய்க்கு மருந்து கண்ட பின்னும் இத்துன்பம் தீரவில்லை. 1956ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம், நோயாளி வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என 1959ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டியது. மலாயாவில் 1961ஆம் ஆண்டில் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியது. உயிர்கள் பல காக்கப்பட்டன. ஆயினும் கிருமி அழிந்தாலும் தழும்பு அழிவதில்லை. குணமடைந்தோருள் ஒருசாரார் வாழ்நாள் முழுதும் கோழையோடு போராட வேண்டியவராயினர்.

கோழையை இளக்கத் தமிழ் மருத்துவம் ஆடாதோடை இலையைப் பயன்படுத்தி வந்தது. அவ்விலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடியொற்றிச் செய்த புரோம்ஹெக்சின் 1963ஆம் ஆண்டில் மருந்தாக வெளிவந்தது. எனினும் மருந்து கோழையை இளக்குமேயன்றி வெளியே தள்ளாது. தள்ளுவதற்கு விசை வேண்டும்.

பிறர் கையும் தன் மூச்சும்

அவ்விசையாக முதலில் பயன்பட்டது புவியின் ஈர்ப்பு. ஜெர்மானிய மருத்துவர் குவின்கே 1898ஆம் ஆண்டிலும், லண்டன் மருத்துவர் வில்லியம் இவார்ட் 1901ஆம் ஆண்டிலும், நோயாளியைத் தலைதாழக் கிடத்திக் கோழையை வடியவிடும் முறையை எழுதினர். பின்னர் முதுகையும் விலாவையும் கைகுவித்துத் தட்டும் வழக்கம் அதனோடு சேர்ந்தது. பயனுள்ள முறையே ஆயினும் இதற்கு ஒரு குறையுண்டு. தட்டுதற்கு மற்றொருவர் நாள்தோறும் வேண்டும். விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தொழிலாளிக்கு அத்தகைய துணையும் ஓய்வும் எங்ஙனம் வாய்க்கும்?

ஆகவே, இதன்பின் வந்த வளர்ச்சி முழுவதும் நோயாளியின் மூச்சையே கருவியாக்கும் முயற்சியாக அமைந்தது. பெல்ஜியத்தில் ஜான் செவாலியே 1967ஆம் ஆண்டளவில் மூச்சின் ஆழத்தை மாற்றி மாற்றிக் கோழையை நகர்த்தும் முறையை வகுத்தார். 1968ஆம் ஆண்டில் நியூசிலாந்தைச் சேர்ந்த தாம்சன் இணையர், வலிந்து இருமாமல் வாயைத் திறந்து 'ஹா' என மூச்சை உந்தும் முறையை வெளியிட்டனர். மூக்குக் கண்ணாடியைத் துடைக்குமுன் அதன்மேல் ஆவி படிய ஊதுவது போன்றது அது.

1970களின் இறுதியில் டென்மார்க்கில் எதிரழுத்த முகமூடி தோன்றியது. சிறு துளையின் வழியே மூச்சை வெளியிடும்போது உள்ளே அழுத்தம் பிறக்கும். அது குறுகிய குழாய்களை ஒட்டிக்கொள்ளாமல் திறந்து வைக்கும். காற்று கோழைக்குப் பின்னால் சென்று சேரும். அடுத்து 'ஹா' என உந்தினால் கோழை மேலேறும். சுவிட்சர்லாந்தில் உருவான பிளட்டர் என்னும் கருவி சுங்கான் வடிவினது. அதனுள் இருக்கும் எஃகுக் குண்டு, ஊதுந்தோறும் எழுந்து விழுந்து குழாய்களில் அதிர்வை உண்டாக்கும். முன்பு பிறர் கை தட்டிய வேலையை இங்கே குண்டு உள்ளிருந்து செய்கின்றது. அக்கபெல்லா என்னும் கருவி குண்டுக்கு மாற்றாகக் காந்தத்தைக் கொண்டது. மின்விசையால் மார்பை அதிரச் செய்யும் சட்டையும் உண்டு. அதன் விலை எளியோர்க்கு எட்டாதது.

இவற்றுள் மிக எளியது நீர்ப்புட்டி. குழந்தை மருத்துவமனைகளில் இன்றும் வழங்கும் முறை இது. புட்டியில் நீர் நிரப்பி, அகன்ற குழாயின் ஒருமுனையை நீருள் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் நிறுத்தி, மறுமுனையில் ஊதினால் நீர் குமிழியிடும். குழாய்முனை நிற்கும் நீரின் ஆழமே எதிரழுத்தத்தின் அளவு, குமிழியே அதிர்வு. விலைமிக்க கருவியின் இயற்பியல் முழுவதும் இப்புட்டிக்குள் அடங்கியுள்ளது.

பயனும் எல்லையும்

இக்கருவிகள் அழிந்த நுரையீரலை மீட்பதில்லை. நாள்பட்ட மூச்சடைப்பு நோயில் இம்முறைகள் பற்றிய ஆய்வுகளை 1 தொகுப்பாக மதிப்பிட்ட காக்ரேன் அறிக்கை 2012ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோய் முற்றிய வேளையில் செயற்கை மூச்சுக்கான தேவை ஓரளவு குறைவதை அது காட்டிற்று. பிற பயன்கள் சிறியனவே என்றும் கூறிற்று. கோழை மிகுதியாகச் சுரப்போர்க்கே கருவியால் பயன் மிகுதி. வறட்டு இருமலுக்கும் இழுப்பு ஒன்றற்கும் இது மருந்தன்று.

எச்சரிக்கைகளும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் முதலில் சளியைச் சோதித்துக் காசநோய் இல்லை என உறுதி செய்ய வேண்டும். இல்லையேல் ஊதி இருமும் ஒருவரால் வீட்டார் அனைவர்க்கும் நோய் பரவும். கோழையில் இரத்தம் கண்டாலும் திடீரென நெஞ்சு வலித்தாலும் கருவியை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். ஒருவர் கருவியை மற்றவர் பயன்படுத்தலாகாது. நாள்தோறும் கழுவி உலர்த்தாத குழாய் புதிய கிருமிக்கு உறைவிடமாகிவிடும்.

இவையனைத்திலும் அருமையானது கருவியன்று, அதனைக் கற்பித்தலே. எத்துணை ஆழம் மூச்சிழுப்பது, எவ்வளவு நேரம் நிறுத்துவது, எவ்விசையில் ஊதுவது, எப்போது 'ஹா' என உந்துவது என்பவற்றைச் செய்து காட்டி, செய்யச் சொல்லித் திருத்தாவிடில், கருவி மூலையில் கிடந்து துருப்பிடிக்கும். தேயிலை இருமல் 1919ஆம் ஆண்டிலும், கோழை வடிக்கும் முறை 1901ஆம் ஆண்டிலும் ஆங்கில ஏடுகளில் இடம்பெற்றன. ஏட்டிலிருந்து அது தொழிலாளியின் காதுக்கு அவர் மொழியில் வந்து சேர வேண்டும். ஈளை, கோழை, இளைப்பு என்னும் சொற்கள் தோட்டத்து வீடுகளில் இன்னும் வழங்குகின்றன. மூச்சுப் பயிற்சியின் பாடம் அச்சொற்களைக் கொண்டே எழுதப்படுமாயின், ஓய்வுபெற்று இருமிக்கொண்டிருக்கும் முதியவர் ஒருவர் பிறர் கையை எதிர்பாராமல் தம் மூச்சாலேயே தம் நெஞ்சைத் தூய்மை செய்துகொள்ள இயலும்.