இலண்டன் மாநகரின் உணவு, மதுச்சாலை வழிகாட்டி நூல்கள்

இலண்டன் மாநகரில் நல்ல உணவும் நல்ல மதுவும் கிடைக்கும் இடங்களைத் தெரிந்தெடுத்து, அவற்றின் தராதரத்தையும் விலையையும் வாசகருக்கு உரைக்கும் பொருட்டு எழுதப்பெற்ற நூல்கள் இத்தலைப்பில் அடங்கும். பட்டணத்துக்குப் புதிதாக வந்தவர் எங்கே சாப்பிடலாம் என்று எதிர்ப்பட்டவரை விசாரிப்பது எந்த ஊரிலும் உள்ள வழக்கமேயாயினும், அவ்விசாரணைக்குரிய விடையை நூல்வடிவில் ஒழுங்குபடுத்தித் தரும் முயற்சி அந்நகரில் நெடிய சரித்திரம் உடையது.

இவ்வகை எழுத்துக்கு மூலமாகக் கொள்ளத்தக்கது, பேராயர் தாமஸ் பெக்கெட்டின் சரித்திரத்துக்கு முகவுரையாக வில்லியம் ஃபிட்ஸ்டீபன் என்பவர் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலத்தீனில் வரைந்த நகர வருணனையாகும். தேம்ஸ் நதிக்கரையில், கப்பல்களிலும் நிலவறைகளிலும் திராட்சை மது விற்ற இடத்தை அடுத்துப் பொதுச் சமையற்கூடம் ஒன்று இருந்ததென்றும், பருவத்துக்கேற்ப வாட்டியும் பொரித்தும் வேகவைத்தும் செய்த இறைச்சியும் மீனும், எளியோருக்கு முரட்டு இறைச்சியும் செல்வர்க்கு மானும் பறவையுமாக, அங்கே அகப்பட்டன என்றும், பிரயாணக் களைப்போடு நண்பர் திடீரென வந்துவிட்டால் வீட்டார் சமையல் ஆகும்வரை அவரைப் பசியோடு காக்கவைக்காமல் ஆற்றங்கரைக்கு ஆள் அனுப்பி வேண்டியதை வாங்கிக்கொண்டனர் என்றும் அவர் எழுதுகிறார். இரவிலோ பகலிலோ எந்நேரம் நகரை அடைந்தாலும் ஒருவர் பட்டினி கிடக்க நேராது என்பதே அவர் கருத்து.

பிற்கால நூல்களை விளங்கிக்கொள்ள, மதுச்சாலைகளின் பழைய பாகுபாட்டை அறிதல் அவசியம். பிரயாணிகளுக்கு அறையும் குதிரைகளுக்கு லாயமும் உடைய சத்திரம் ‘இன்’ எனப்பட்டது; திராட்சை மதுவைப் பிரதானமாக விற்று வசதியுடையோரை உபசரித்தது ‘டாவர்ன்’; பெரும்பாலும் தன் வீட்டிலேயே வடித்த வாற்கோதுமை மதுவை எளிய மக்களுக்கு வார்த்தது ‘ஏல்ஹவுஸ்’. இவற்றுள் கடைசி வகையினர் நீதிபதிகளிடம் உரிமம் பெறவேண்டும் என்று 1552ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. மூன்றும் காலப்போக்கில் ஒன்றோடொன்று கலந்ததன் விளைவே இன்றைய ‘பப்’. மாடித் தாழ்வாரங்களோடு கூடிய பழைய சத்திர வகைக்கு இலண்டனில் எஞ்சி நிற்கும் ஒரே சான்று சதர்க் பகுதியிலுள்ள ‘ஜார்ஜ்’ ஆகும். 1676ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் மறுவருடம் எழுப்பப்பெற்ற அதன் பெரும்பகுதியை 19ஆம் நூற்றாண்டில் இரயில்வே கம்பெனியார் இடித்துவிட, தெற்குப் பக்கம் மட்டும் தப்பி, இப்போது நேஷனல் டிரஸ்டின் உடைமையாக இருக்கிறது. நகரிலேயே மிகப் பழைய மதுச்சாலை தாமே என்று உரிமை கொண்டாடுவோர் பலர். மனையின் வயதை விட்டுக் கட்டடத்தின் வயதையே கணக்கிற் கொள்வது முறையாதலின், ஃபிளீட் வீதியிலுள்ள ‘செஷயர் சீஸ்’ 1667ஆம் ஆண்டினது என்றே சொல்லவேண்டும்.

தேம்ஸ் படகோட்டியும் செய்யுள் இயற்றுபவருமான ஜான் டெய்லர் 1636இல் இலண்டன், வெஸ்ட்மின்ஸ்டர் டாவர்ன்களின் பெயர்ப்பலகைச் சின்னங்களைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். சின்னங்களைப் பற்றிய செய்யுள் விளையாட்டே அதில் மிகுதி. பதார்த்தங்களைப் பற்றிய அபிப்பிராயத்துக்கு அங்கே இடமில்லை. ஆதலால் முதல் வழிகாட்டி என்னும் பெருமை, 1815இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த ‘எபிக்யூர்ஸ் அல்மனாக்’ நூலை இயற்றிய ரால்ஃப் ரைலன்ஸுக்கே உரியது. பாரிஸில் கிரிமோ த லா ரெய்னியேர் வெளியிட்ட ஆண்டு நூல்களை முன்மாதிரியாகக் கொண்டு, 650 இடங்கள் வரையில் அவர் விவரித்தார். சீமான்கள் ஆமைச் சாறு அருந்திய பெருவிடுதியோடு, கூலியாள் மாட்டிறைச்சிச் சாறு வாங்கிக் குடித்த சந்துக்கடையையும் ஒரே சிரத்தையோடு அவர் நோக்கியது போற்றத்தக்கது.

பாட்னாவிற் பிறந்த தீன் முகமது 1810இல் போர்ட்மன் சதுக்கத்தின் அருகே தொடங்கிய ‘ஹிந்துஸ்தானி காப்பி ஹவுஸ்’ பற்றி நாம் அறிவனவற்றுள் பல ரைலன்ஸ் தந்தவையே. மூங்கில் நாற்காலிகளும் சோபாக்களும், சுவரில் சீனச் சித்திரங்களும், ஹுக்கா பிடிப்பதற்கென்று தனியறையும் அங்கே இருந்தன. மசாலைப் பொடியும் மிளகாயும் சேர்ந்த பதார்த்தங்கள் அரிசிச் சோற்றோடு பரிமாறப்பட்டன. உடைமையாளர் 1812இலேயே திவாலானார். நூலின் கதியும் அதுவே: 300 பிரதிகள்கூட விலைபோகாமல், எஞ்சியவை 1817இல் கூழாக்கப்பட்டன. சிறு கடைகளின் நினைவைக் காத்த இந்நூல் இவ்வாறு அழிய நேர்ந்தது பெரிய நஷ்டம். பிரிட்டிஷ் நூலகம் பிற்காலத்தில் குறிப்புரையுடன் அதை மறுபதிப்புச் செய்தது நற்பணி.

இராணுவ அதிகாரியாயிருந்த நியூன்ஹாம்-டேவிஸ், பால் மால் கெஜட் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளை 1899இல் ‘டின்னர்ஸ் அண்ட் டைனர்ஸ்’ என்று நூலாக்கினார். உண்டவற்றின் பட்டியலையும் கொடுத்த பணத்தின் கணக்கையும் அச்சிட்டது அவருடைய விசேஷம்.

யுத்தகால ரேஷன் முறை நீடித்த காலத்தில், உணவகங்களின் அலட்சியத்தைப் பொறாத சரித்திர ஆசிரியர் ரேமண்ட் போஸ்ட்கேட், 1951இல் ‘குட் ஃபுட் கைடு’ வெளியிட்டார். சாதாரண வாசகர்கள் தம் பணத்தில் உண்டு எழுதியனுப்பிய குறிப்புகளே அதற்கு ஆதாரம். உணவகத்தாரிடம் விளம்பரமோ இலவச விருந்தோ பெறுவதில்லை என்பது அதன் விரதம். ஹங்கேரியிலிருந்து வந்து, தம் பெயரில் உணவக வழிகாட்டி நூல் வெளியிட்ட ஈகான் ரோனேயும் இலவச உபசாரத்தை விலக்கினார். சிபாரிசு நூல் ஒன்றின் மதிப்பை நிர்ணயிப்பது இந்த ஒரு குணமேயன்றி, நடையழகோ நட்சத்திரக் குறியோ அன்று.

மதுச்சாலைகளுக்கு இதே பணியை, 1971இல் தோன்றிய ‘காம்ரா’ என்னும் குடிப்போர் இயக்கம் 1974 முதல் ‘குட் பீர் கைடு’ வாயிலாகச் செய்துவருகிறது. அதன் உள்ளூர்க் கிளைகளின் உறுப்பினர்களே கடைகளைத் தெரிவு செய்கின்றனர். பீப்பாயினுள்ளேயே தொடர்ந்து புளிக்கும் மதுவை ஏறக்குறைய 12 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நிலவறையில் வைத்து, தெளியவிட்டு, திறந்த மூன்று நாட்களுக்குள் விற்றுத் தீர்க்கவேண்டும். நாள் கடந்தால் காடிபோற் புளித்துவிடும். ஆகவே இங்கே சிபாரிசு கட்டடத்துக்கு அன்று, நிலவறையைக் கவனிப்பவனுக்கே.

இக்காலத்தில் ஈஸ்ட் ஹாமில் தோசையும் டூட்டிங்கில் கொத்துரொட்டியும் தேடுவோர் உட்படப் பலரும் கைப்பேசியிலேயே விசாரித்துக்கொள்கின்றனர். ‘குட் ஃபுட் கைடு’ அச்சை விட்டு மின்வடிவம் பெற்றுவிட்டது. ‘குட் பீர் கைடு’ ஆண்டுதோறும் அச்சாகிறது. கடை நடத்துவோர் அடிக்கடி மாறுவதால், இலண்டன் செல்வோர் பழைய பதிப்பை இரவல் வாங்காமல் அவ்வாண்டுப் பதிப்பையே கைக்கொள்ள வேண்டும்.